அல்குடியா பீச் டூரும் பைனாகுலரும்

ஆகஸ்டில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு, அல்குடியாவில் ரூம், இரண்டு குழந்தைகள், "பீச்சை விட்டு எங்கேயும் வரமாட்டோம்" என்று மனைவி கறார், இதற்கு நடுவே பறவை பார்க்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். முதல் பறவை பீச்சிலேயே இருக்கிறது. கடற்காகங்களில் அலகு மஞ்சளாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடர் சிவப்பு அலகு, அதில் கறுப்புப் பட்டை, கால்களும் கருஞ்சாம்பல் என்றால் அது ஆடுவின் கடற்காகம் (Audouin's gull), மத்தியதரைக்கடல் பக்கத்துக்கே உரியது, தூரத்தில் அலகு கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம், சாலையைத் தாண்டினாலே சல்புஃபேரா சதுப்புநிலம். காலை 9 மணிக்குத்தான் திறக்கிறார்கள், காருக்கு அனுமதி இல்லை, அதனால் மற்றவர்கள் சாவகாசமாகச் சாப்பிட்டு மணலுக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் வாடகை சைக்கிளில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். நெடுங்கால் உள்ளானும், 1991-இல் இங்கே மறுபடி கொண்டுவந்து விட்ட நீலத் தாழைக்கோழியும் பறவை பார்க்கக் கட்டியிருக்கும் மறைவிடத்திலிருந்தே தெரியும். தாழைக்கோழி நாணல் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்பதைப் பார்க்கப் பெரியவனையும் கூட்டிப் போங்கள், சின்னது வேண்டாம், நிழல் குறைவு.

எலனோரா வல்லூறுக்கு ஒரு மாலை தீவின் வடகோடி முனையான ஃபொர்மென்டோர் பக்கம் போனால் போதும். வலசை வரும் சிறு பறவைகளை நம்பி கோடைக் கடைசியில்தான் அது குஞ்சு பொரிக்கும், உங்கள் தேதி அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. வீட்டில் "சூரியாஸ்தமனம் பார்க்கப் போகலாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.