ரூட்டர் பெட்டியில் இல்லாத தேதி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. "உங்கள் ஃபயர்வால் காலாவதியாகிவிட்டது, இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று போன் வந்தது. ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, கம்ப்யூட்டரை அவர்களே இயக்கி, 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வருடாவருடம் கட்ட வேண்டுமாம். நிஜமா? — வாசகி, கும்பகோணம்

பதில்: நிஜமில்லை அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வேண்டாத தொடர்புகள் உள்ளே வராமல் தடுக்கும் காவல். விண்டோஸோடு அது கூடவே வருகிறது. 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த நாளிலிருந்து, யாரும் தொடாமலே அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் ரூட்டருக்குள்ளும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் சந்தா கிடையாது.

உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன தேதி, பரிவர்த்தனை எண், அழைத்தவன் நம்பர் மூன்றும் கையில் இருக்கட்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பேங்கிலும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அந்த ஆப்பை நீக்குங்கள். பேங்க் பாஸ்வேர்டை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். விவரம் தெரிந்த யாரையாவது வைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது இன்னும் நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு புகார் செய்யாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டு நீளமாக வைத்திருக்கிறேன். ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போக மட்டும் 'அட்மின்', 'அட்மின்'. போதுமா? — மதுரை

பதில்: போதாது. இன்றைக்கே மாற்றுங்கள்.

கேள்வி: கடை சிசிடிவியைப் போனில் பார்ப்பதற்காக, பொருத்த வந்தவர் ரூட்டரில் ஏதோ 'போர்ட்' திறந்துவிட்டுப் போனார். கேமரா காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியின் பாஸ்வேர்டு கம்பெனி வைத்ததுதான். மாற்றினால் சர்வீஸுக்கு வரும்போது அவருக்குச் சிரமம். இப்போது நெட் ரொம்ப ஸ்லோ. விலை கூடிய ரூட்டர் வாங்கினால் சரியாகுமா? — ஈரோடு

பதில்: ஆகாது. இருக்கிற ரூட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடும். வெளியிலிருந்து தானாக வருவதைத் தள்ளிவிடும். அந்தக் காவலைத்தான் உங்கள் ஆள் விலக்கியிருக்கிறார். இனி உலகத்தில் எவன் தட்டினாலும் நேராக டிவிஆர் வாசலில் நிற்பான். அங்கே ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு!

2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது, கம்பெனிகள் வைத்த பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்குச் சற்று மேல். அப்படிப் பிடித்த கருவிகளை ஏவித்தான் அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தை முடக்கினார்கள். அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் பலருக்குத் திறக்கவில்லை.

உங்கள் டிவிஆரும் அப்படி யார் கையிலாவது சிக்கியிருந்தால் நெட் ஸ்லோ ஆகும். சர்வீஸ்காரருக்குச் சிரமம் என்று கடையைத் திறந்து போடுவார்களா? போர்ட்டை மூடுங்கள். டிவிஆர் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரில் யூபிஎன்பி என்று ஒன்று இருந்தால் (கருவிகள் தாங்களாகவே போர்ட்டைத் திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள். இரண்டு கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதன் பிறகும் ஸ்லோ என்றால் எழுதுங்கள், ரூட்டரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: புது ரூட்டர் வாங்கப் போகிறேன். ஆன்டெனா நான்கா, ஆறா? — கோயம்புத்தூர்

பதில்: ஆன்டெனாவை எண்ணாதீர்கள். "இந்த மாடலுக்கு எந்தத் தேதி வரை அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். கடையில் பதில் கிடைக்காது. பெட்டியிலும் இருக்காது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து நான் ஒன்று வாங்கினேன். வாரண்டி மூன்று வருடம். அது முடிவதற்குள்ளேயே, அந்த மாடலுக்கு இனி அப்டேட் இல்லை என்று கம்பெனி தன் இணையதளத்தின் மூலையில் போட்டுவிட்டது. கருவி ரிப்பேரானால் மாற்றித் தருவார்களாம், பாதுகாப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க மாட்டார்களாம். ரூட்டர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஓட்டை விழுந்தால் உங்கள் வீட்டுப் போன், டிவி, லேப்டாப் எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்தது. பெரும்பாலும் வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இருந்த ரூட்டர்கள். எல்லோரும் ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

பெட்டியில் எம்ஆர்பி போட வேண்டும், தயாரித்த மாதம் போட வேண்டும், புகாருக்கு முகவரி போட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அப்டேட் நிற்கும் தேதியையும் அதே இடத்தில் அச்சடிக்க என்ன தடை? பிரிட்டனில் 29 ஏப்ரல் 2024 முதல் சட்டமே இருக்கிறது: பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக்கூடாது. அங்கே விற்பவர்களில் பலர் இங்கேயும் விற்கிறார்கள்.

இங்கேயும் அப்படி ஒரு விதி வரும்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்குக் கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். ஒரு வருடமாக ஒன்றுமே வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று உள்ளே வெவ்வேறாக இருக்கும். அடிப்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுடையது எதுவோ அதற்குரியதையே பாருங்கள். வைஃபையைப் பூட்டும் புதிய முறையான டபிள்யூபிஏ3 இருக்கட்டும். வயர் செருகும் போர்ட் 10/100 என்றிருந்தால் வேண்டாம். பெட்டியில் 1200 என்று போட்டிருந்தாலும் வயரில் வேகம் நூறு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

கேள்வி: ஃபைபர் கம்பெனி தந்த ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். — சென்னை

பதில்: புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அவசரமென்றால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டி, வீட்டுக் கருவிகளை எல்லாம் அதில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துவிடுகிறது. ஆபத்தா? — திருநெல்வேலி

பதில்: பட்டனைவிட, கூடவே வரும் எட்டு இலக்கப் பின் நம்பர்தான் ஆபத்து. பழைய ரூட்டர்கள் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கும். முதல் நான்குக்குப் பத்தாயிரம் வாய்ப்பு. அடுத்த நான்கில் கடைசி இலக்கம் கணக்குப் போட்டு வருவது என்பதால் ஆயிரம். ஆக, 11,000 தடவை முயன்றால் எவனும் உள்ளே வந்துவிடலாம். 2011 டிசம்பரிலேயே இது வெளியே வந்த விஷயம். செட்டிங்ஸில் போய் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள்; அணைக்க வழியே இல்லாத ரூட்டர் என்றால் மாற்றுங்கள்.