‘எங்கள் அணி’ – கடிதம்

அன்புள்ள மேடம்,

நீங்கள் எழுதும் சார்லட்ஸ்வில் நினைவுக் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். காரணம், என் மகன் அதே ஊரில்தான் இருக்கிறான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன், இது இரண்டாவது வருடம். நான் வங்கி வேலையில் ஓய்வு பெற்று திருச்சியில் இருக்கிறேன்.

போன வருடத்திலிருந்து போன் செய்தால் கல்லூரி பாஸ்கெட்பால் அணியைப் பற்றித்தான் பேச்சு. அவன் ஒருநாளும் அந்த ஆட்டத்தை ஆடியதில்லை. டிசம்பர் குளிரில் வரிசையில் நின்று உள்ளே போகிறான். அணி தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வருடம் ஆடிய பையன்களில் பாதிப் பேர் பணத்துக்காக வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள் என்று அவனே சொல்கிறான். பிறகு யாருக்காக இந்தத் தவிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

நீங்களும் ஒரு கட்டுரையில் ‘எங்கள் அணி’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அங்கே படித்தவர் இல்லை, அந்த ஊரில் பிறந்தவரும் இல்லை. எப்படி அது ‘எங்கள்’ அணி ஆகும்? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள ஐயா,

இதில் மன்னிக்க ஒன்றுமில்லை. நானே என்னிடம் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது.

நாங்கள் 2014இல் சார்லட்ஸ்வில் போனோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார், மனைவி இறந்துபோயிருந்தார். என் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அந்த ‘த்’தைச் சரியாக உச்சரிக்க அவரும் பழகிக்கொண்டார். குளிர்காலத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில் எங்களைக் கூப்பிடுவார். நான் ஒரு கிண்ணத்தில் சுண்டல் எடுத்துக்கொண்டு போவேன். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டு, வர்ணனையை ரேடியோவில் கேட்பதுதான் அவர் வழக்கம். ரேடியோ எப்போதும் ஓரிரு நொடி முந்திக்கொள்ளும். பந்து கூடையில் விழுந்த செய்தி முதலில் காதுக்கு வரும், அப்புறம்தான் கண்ணுக்கு.

ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். “பந்தைப் பார்க்காதே, மற்ற நாலு பேரின் கால்களைப் பார்” என்பார். அப்போது கோச் டோனி பென்னட். 2009இல் வந்தவர். தன் அப்பா டிக் பென்னட் உருவாக்கிய தடுப்பு முறையைக் கொண்டுவந்தார். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நால்வரும் கூடையைச் சுற்றி ஒரு கற்பனைக் கோட்டுக்குள் நிற்பார்கள். பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்வார்கள். பந்து தங்களிடம் வந்தாலும் அவசரமில்லை, கூடையில் வீச அனுமதித்த 30 நொடியையும் கடைசிவரை பயன்படுத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் சலிப்பான ஆட்டம் என்றார்கள். எனக்கு அது சலிக்கவே இல்லை. தனக்குப் பேர் கிடைக்காத வேலையை ஐந்து பையன்கள் 40 நிமிடம் ஒழுங்காகச் செய்வதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் ஆசை தீரவில்லை.

இப்போது உங்கள் ‘எங்கள்’. தாத்தா எப்போதும் “வீ” என்றுதான் சொல்வார். வீ ஜெயித்தோம், வீ தோற்றோம். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். நம்மிடம் இரண்டு இருக்கின்றன. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், ‘நாம்’ என்றால் உள்ளே. அவர் ஒவ்வொரு முறை ‘வீ’ என்னும்போதும் என் மனம் அதைத் தமிழில் எப்படி வைப்பது என்று தடுமாறும். முதல் மூன்று நான்கு வருடம் நான் அதை ‘நாங்கள்’ என்றே கேட்டேன். அவர் அன்பானவர்தான். ஆனால் அது அவருடைய அணி, அவருடைய ஊர், நான் கிண்ணத்தோடு வந்த விருந்தாளி.

2017 ஆகஸ்டில் அந்த ஊரில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். தீப்பந்தம் ஏந்திய வெள்ளை இனவெறியர்கள் இதே பல்கலைக்கழக வளாகத்தில் ஊர்வலம் போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருவன் எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்குள் காரை ஏற்றியதில் ஒரு பெண் இறந்தார். எங்கள் இடத்தை நீங்கள் பிடிக்க முடியாது என்பது அவர்கள் போட்ட கோஷம். அந்த ‘எங்கள்’ எந்த ‘எங்கள்’ என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. நவம்பரில் சீசன் தொடங்கியபோது அரங்குக்குப் போகவே யோசித்தேன். தாத்தாதான் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த வருட அணி அற்புதமான அணி. 31 வெற்றி, 2 தோல்வி. தேசியப் போட்டிக்கு மொத்தமாக முதல் இடத்தில் போனார்கள். நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பதினாறு வரை வரிசை எண். முதல் சுற்றில் ஒன்றாம் எண் அணியும் பதினாறாம் எண் அணியும் மோதும். 1985இலிருந்து ஆண்கள் போட்டியில் அப்படி 135 ஆட்டம் நடந்து, 135லும் ஒன்றாம் எண்ணே ஜெயித்திருந்தது.

2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு. எதிரே பால்டிமோர் பக்கத்திலிருந்து வந்த யூஎம்பிசி என்ற கல்லூரி. நம் ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தான். இடைவேளையில் 21–21. அப்போதுகூட யாரும் பயப்படவில்லை. பிற்பாதியில் அந்தப் பையன்கள் 53 புள்ளி எடுத்தார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கே எதிரணிக்கு ஏறக்குறைய 54தான் கொடுத்துக்கொண்டிருந்த அணி ஐயா இது. கடைசியில் 74–54. ரேடியோ முந்திக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழுந்தது, காதில் ஒருமுறை, கண்ணில் ஒருமுறை. தாத்தா எழுந்து ரேடியோவை நிறுத்தவும் இல்லை. சுண்டல் அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து “வீ லாஸ்ட்” என்றார். அன்றைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. நாம் தோற்றோம் என்றே என் காதில் விழுந்தது. அவர் வேறு விதமாகச் சொன்னார் என்று இல்லை. நான் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் 1982 கதையைச் சொன்னார். ஏழடி நாலங்குல உயரமுள்ள ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய காலம். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, ஹவாயில் ஷமினாட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியிடம் 77–72 என்று தோற்றுவிட்டு வந்தது. “இது நமக்குப் புதிதில்லை” என்றார். ஒரு குடும்பத்துக்கு மருமகளாகப் போனவளிடம் அந்த வீட்டின் பழைய துக்கத்தை ஒருநாள் மாமியார் உட்காரவைத்துச் சொல்வார் இல்லையா, அதுபோல இருந்தது எனக்கு. மறுநாள் காய்கறிக் கடையில் பில் போட்ட பெண் என் பிள்ளை போட்டிருந்த அணியின் ஆரஞ்சு தொப்பியைப் பார்த்துவிட்டு என் கையை ஒருமுறை அழுத்தினாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வெற்றியில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஊரே சிரிக்கும் ஒரு தோல்வியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை மறுபடி விருந்தாளி ஆக்க முடியாது. என்னுடைய ‘எங்கள்’ அங்கிருந்துதான் வந்தது. உங்கள் மகன் தோல்விக்குப் பிறகு இரண்டு நாள் பேசுவதில்லை என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவன் அந்த ஊரில் காலூன்றிவிட்டான் என்றே நான் அதைப் படித்தேன்.

அடுத்த வருடம் அதே பையன்கள் திரும்பி வந்தார்கள். கைல் கை என்ற பையன், தான் குனிந்து நிற்க எதிரணி பின்னால் குதித்துக் கொண்டாடும் படத்தைத் தன் செல்போன் திரையிலேயே வைத்திருந்தான். 2019 போட்டியின் முதல் ஆட்டம், மறுபடி ஒரு பதினாறாம் எண், முற்பாதியிலேயே 14 புள்ளி பின்னால். தாத்தா வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. அதைத் தாண்டினார்கள்.

பர்டியூவோடு ஆடிய கால் இறுதியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 5.9 நொடி மிச்சம், மூன்று புள்ளி பின்னால். நம் ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் நின்று வீசும் ஒரு புள்ளி வீச்சு. முதலாவதைப் போட்டான், இரண்டாவது தவறியது. கூட்டத்துக்குள்ளிருந்து டியாகிடே எம்பிப் பந்தைத் தட்டினான், அது எங்கோ பின்னால், நம் பாதி மைதானத்துக்குள் ஓடியது. அதைத் துரத்தி எடுத்தவன் கிஹே கிளார்க். முதலாம் ஆண்டு மாணவன், அணியிலேயே குள்ளமான பையன். மூன்று நொடிக்குள் எவனாக இருந்தாலும் அங்கிருந்தே கூடையை நோக்கி வீசியிருப்பான். இவன் நிமிர்ந்து பார்த்து, பாதி மைதானத்துக்கு மேல் பறக்கும்படி டியாகிடேக்குப் பந்தை அனுப்பினான். டியாகிடே வாங்கி வீசினான், பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடித்தது. 70–70. ஓவர்டைமில் 80–75. அந்த ஒரு முறை ரேடியோவைக் கேட்டுத் தாத்தா கத்தியது, நான் டிவியில் எதுவும் பார்ப்பதற்கு முன்னால்.

டியாகிடே மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பையன். அந்த அணியின் ஜாக் சால்ட் நியூசிலாந்துக்காரன். இவர்கள்தான் அந்த ஊரின் ‘எங்கள்’. இதை நான் தாத்தாவிடம் சொன்னபோது “வேறு யார்?” என்றார்.

அப்புறம் ஆபர்னோடு அரையிறுதி, 0.6 நொடி மிச்சமிருக்க கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63–62. ஏப்ரல் 8, மினியாபொலிஸில் இறுதி ஆட்டம், டெக்சஸ் டெக்கை ஓவர்டைமில் 85–77. ஊரே தெருவில் இருந்தது. தாத்தா ரேடியோவை அணைத்துவிட்டு, மனைவியின் படத்தைத் துணியால் துடைத்து மறுபடி மாட்டினார். மே மாதம், சாம்ப்சன் ஆடிய பழைய அரங்கை வெடிவைத்துத் தகர்த்த அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சில நொடியில் எல்லாம் புழுதியாகிவிட்டது. அவர் எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்பதைத் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பணம், இடமாற்றம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2021இலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், அதே வருடம் கல்லூரி மாறுவதும் எளிதானது. 2025இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. பையன்களுக்குப் பணம் போவது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 14,000 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்வது அவர்கள் ஓடுவதைப் பார்க்கத்தான். ஆனால் ஒரு பையன் நம் கண்ணெதிரே நான்கு வருடம் வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் அரிதாகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு உண்டு. பென்னட்டும் 2024 அக்டோபரில், சீசன் தொடங்க இருக்கும்போது, இந்தப் புதிய முறைக்குத் தான் ஏற்றவன் இல்லை என்று சொல்லி விலகினார்.

கிளார்க்கை நாங்கள் ஐந்து வருடம் பார்த்தோம். வர்ஜீனியா அணியின் வரலாற்றிலேயே, கூடையில் போட மற்றவர்களுக்கு அதிக முறை பந்து எடுத்துக்கொடுத்தவன் அவன். 2023 மார்ச் 16, யூஎம்பிசி ஆட்டம் நடந்து சரியாக ஐந்து வருடம். ஃபர்மன் என்ற சின்னக் கல்லூரியோடு முதல் சுற்று. நாங்கள் அதற்குள் சென்னை வந்துவிட்டோம், இங்கே நள்ளிரவு. இரண்டு புள்ளி முன்னால், சில நொடிதான் மிச்சம். கிளார்க்கை மூலையில் இரண்டு பேர் மடக்கினார்கள். அவன் பந்தைத் தூக்கி எறிந்தான், அதே நீளமான பாஸ். இந்த முறை அங்கே நம் பையன் யாரும் இல்லை. எதிரணி எடுத்து மூன்று புள்ளி போட்டது. 68–67. அவனுடைய கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டம் அது. கொஞ்ச நேரத்தில் தாத்தா போன் செய்தார். இரண்டு பேரும் அணி தோற்றதைப் பற்றிப் பேசவில்லை. “பையன் சாப்பிட்டிருப்பானா தெரியவில்லை” என்றார். நான் அழுதேன்.

நான்கு பேர் போய் நான்கு பேர் வருகிறார்கள் என்பது உண்மை. 2018இல் எதிர்ப்பக்கம் யூஎம்பிசியின் கோச்சாக நின்ற ரயன் ஓடம்தான் இப்போது வர்ஜீனியாவின் கோச், 2025இல் வந்தார். அவருடைய அப்பா 80களில் இங்கே துணைக் கோச், இவர் சிறுவனாக இதே அணிக்குப் பந்து பொறுக்கிப் போட்டவர். இதைத் தாத்தாதான் எனக்குச் சொன்னார், ஏதோ காணாமல்போன உறவுக்காரர் திரும்பி வந்ததைச் சொல்வதுபோல.

உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள் ஐயா. இந்த வருட அணியில் அவனுக்குப் பிடித்த பையன் யார், ஏன் என்று கேளுங்கள். நவம்பரில் அங்கே மாலை 7 மணி ஆட்டம் என்றால் திருச்சியில் காலை ஐந்தரை. நீங்கள் காபி குடிக்கும் நேரமாகத்தான் இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவனை வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். நான் பெரும்பாலான ஆட்டங்களை இப்போது அப்படித்தான் கேட்கிறேன், சொல்பவர் தாத்தா.

அன்புடன்