கியர் விழாத லாரி: கிளட்ச் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி (எண்ணூர்): காலையில் டிரெய்லரில் எல்லாக் கியரும் எளிதாக விழுகின்றன. துறைமுக வரிசையில் சில மணி நேரம் ஊர்ந்த பிறகு முதல் கியர் விழ மறுக்கிறது; ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, கோளாறு தலைகாட்டும் அந்த நேரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். நின்ற எஞ்சினில் தடையின்றி விழும் கியர், ஓடும் எஞ்சினில் மட்டும் மறுத்தால், கிளட்ச் முழுமையாகக் கட் ஆகவில்லை, அதாவது பெடலை மிதித்தும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு முழுதாக அறவில்லை என்று பொருள். எஞ்சின் நின்றபோதும் இறுக்கமாகவே இருந்தால் லீவர் இணைப்பு, அதன் புஷ் (மூட்டு வளையம்), கேபிள், பிறகு கியர்பாக்ஸ் என்ற வரிசையில் தேட வேண்டும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது. பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்த பின் கியர் விழுகிறது என்றால், பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் ஃப்ளூயிட் குழாயில் (லைனில்) காற்று புகுந்திருக்கலாம் அல்லது ஃப்ளூயிட் குறைந்திருக்கலாம். பெடலை முழுதாக அழுத்தியபடி முதல் கியரில் நிற்கும்போது, காலை எடுக்காமலேயே வண்டி மெல்ல முன்னே நகரப் பார்த்தால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கழன்றுபோகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதில் வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஃப்ளூயிட் அளவும் குறையாது என்பதால் அனுபவசாலிகளே இதைத் தவறவிடுகிறார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் கீழே கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் (காற்றழுத்தத்தால் உதவும் ஏர் பூஸ்டர் உள்ள வண்டியானால் பூஸ்டரின்) தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, வண்டியின் கையேட்டோடு ஒப்பிடட்டும். தண்டு முழுத் தூரம் நகர்ந்தும் கிளட்ச் கட் ஆகாவிட்டால்தான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சுக்கே இடமுண்டு. வரிசையில் நிற்கும் நேரம் முழுவதும் பெடலை மிதித்தே வைத்திருக்கும் பழக்கம் ஓட்டுநருக்கு இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். நியூட்ரலில் விட்டுக் காலை எடுத்தால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிழைக்கும்.

கேள்வி (மாதவரம்): கியர் கடினமாக இருந்ததால் கிளட்ச் தண்டின் நீளத்தைக் கூட்டி அட்ஜஸ்ட் செய்தார்கள். கியர் சரியாகிவிட்டது, ஆனால் லோடோடு பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் ஏறவில்லை.

பதில்: ஒரு கோளாறை விற்று இன்னொன்றை வாங்கியிருக்கிறீர்கள். பெடலில் இருக்க வேண்டிய ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) முற்றிலும் தீர்ந்துபோனதால் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலோடு முழுப் பிடிப்பில் சேராமல் வழுக்குகிறது. கையேட்டில் உள்ள அளவுக்கு ஃப்ரீ பிளேயைத் திரும்ப வையுங்கள். அதன்பின் கியர் மறுபடியும் கடினமானால், முதல் பதிலில் சொன்ன சோதனைகளுக்கு வாருங்கள். வழுக்கலோடு நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் பிளேட் ஏற்கெனவே கருகியிருக்கவும் கூடும்.

கேள்வி (பூந்தமல்லி): இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் உரசுகிறது, மற்றவை நன்றாக விழுகின்றன.

பதில்: கிளட்சைத் தொடாதீர்கள். கிளட்ச் கட் ஆகாத வண்டியில் ஒரு கியர் மட்டும் தனியாக அடம்பிடிப்பதில்லை. அந்தக் கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கியர் ஆயிலின் அளவையும் தரத்தையும் மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மணலி): மழைநீர் தேங்கிய யார்டில் பல நாள் நின்ற வண்டி இது. பெடல் வழக்கம்போல் இறங்குகிறது. ஆனால் எந்தக் கியரும் விழவில்லை.

பதில்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இது அரிதான கேள்வியல்ல. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் நீர் புகுந்து, துருவினால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கிய பின், பெடலைப் பலமுறை முழுதாக மிதித்து விட்டுப் பாருங்கள். லேசான ஒட்டல் இதிலேயே விடுபடலாம். விடாவிட்டால் இறக்கிப் பார்ப்பதே முறை. கியரில் போட்டுச் சாவியைத் திருப்பி உலுக்கும் வித்தையை நெருக்கமான யார்டில் செய்யவே கூடாது, ஏனெனில் வண்டி உடனே பாயும். கியர்பாக்ஸ் ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால்நிறமாக இருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி (அம்பத்தூர்): புது பிளேட் போட்ட அன்றே கிளட்ச் கட் ஆகவில்லை. உதிரிபாகம் போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் பழியை முதலில் கடைக்காரர் மீது போட வேண்டாம். பிளேட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தாலும், பொருத்தும்போது கியர்பாக்ஸின் எடை முழுவதும் அதன் முன்னே நீண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டின் நடுவில் தொங்கி அது வளைந்திருந்தாலும், விளைவு இதேதான். பிளேட் ஷாஃப்ட்டின் பல்வரிசையில் தடையின்றி முன்னும் பின்னும் நகர்கிறதா என்பதை மாட்டுவதற்கு முன்பே கையால் பார்த்திருக்க வேண்டும். லைனைக் கழற்றியிருந்தால் ஏர் எடுத்தார்களா (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினார்களா) என்றும் கேளுங்கள், அதுதான் மலிவான காரணம். ஃப்ளூயிட் ஊற்றும்போது ஃப்ளூயிட் டேங்கின் மூடியில் குறித்துள்ள வகையை மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் கேட்கும் லைனில் எஞ்சின் ஆயில் கலந்தால் ரப்பர் கப்புகள் ஊதிப்போய், சிலிண்டர்களையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.