பத்து நாள் பத்தியம்

கேள்வி: நாலு வருஷமா எனக்கு சுகர். விசேஷத்துல ஸ்வீட் சாப்பிடணும்னா அன்னிக்கு ஒரு வேளை சாப்பாட்ட விட்டுட்டு, கூட ஒரு மாத்திரையும் போட்டுக்கறேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி பத்து நாள் வாயக் கட்டிடுவேன். வீட்ல திட்டுறாங்க. என் பக்கம் தப்பு இருக்கா சார்?

பதில்: ஸ்வீட்டுக்காக திட்டுனா நான் உங்க பக்கம், மாத்திரைக்காக திட்டுனா அவங்க பக்கம்.

சுகர் வந்தவங்க எப்பவாவது கொஞ்சமா இனிப்பு சாப்பிடுறதுல குத்தம் இல்லங்க, அத அன்னிக்கு சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கணும், அவ்ளோதான். நீங்க எழுதுறது கள்ளக்கணக்கு. வயித்தக் காயப்போட்டு மாத்திரைய மட்டும் கூட்டுனா, அது கிளைமிபிரைடு மாதிரி இன்சுலின சுரக்க வைக்கிற வகையா இருந்தா ஸ்வீட் கைக்கு வர்றதுக்குள்ளயே சுகர் 70க்கு கீழ இறங்கி, வேர்த்துக் கொட்டி கை நடுங்க ஆரம்பிச்சிடலாம். மெட்ஃபார்மின்னா? அதுவும் தின்ன ஸ்வீட்ட அழிக்கிற ரப்பர் இல்ல.

பத்து நாள் பத்தியத்துல வெறும் வயித்து டெஸ்ட் வேணா ஏமாறலாம். ஹெச்பிஏ1சிங்கற ரத்த டெஸ்ட் ஏமாறாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கு, அதுல ஒட்டுன சர்க்கரைய வச்சு ரெண்டு மூணு மாசக் கதைய அது சொல்லிடும்.

எனக்கும் சுகர்தான், அதனால இந்த தில்லாலங்கடி எல்லாம் அத்துபடி. ஒரு நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ தொறந்து கேக்ல பாதி மட்டும்னு வெட்டுனேன், அப்புறம் மிச்சத்துல பாதி, அப்புறம் அதுலயும் பாதி, கடைசில டப்பா மூடியில ஒட்டியிருந்த கிரீம விரலால வழிச்சு நக்கிட்டு, நாம எங்க முழுசா சாப்பிட்டோம்னு நிம்மதியா போய்ப் படுத்தேன். காலைல குளுக்கோமீட்டர் நிம்மதியா இல்ல.

இப்ப என்ன பண்றேன்னா, இனிப்ப வெறும் வயித்துல தொடுறதில்ல. முதல்ல காய்கறி, முட்டை, பருப்பு மாதிரி ஏதாவது, மாவுச்சத்த அன்னிக்கு குறைச்சுக்கிட்டு கடைசில ஒரு சின்ன துண்டு, தட்டுல வச்சு உக்காந்து சாப்பிடுவேன், முடிச்சதும் 15 நிமிஷம் நடை. முதல் வாய் வச்சதுல இருந்து ரெண்டு மணி நேரத்துல டெஸ்ட். பொதுவா 180க்குள்ள இருக்கணும்பாங்க, உங்க இலக்கு எவ்ளோன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். சுகர் ஃப்ரீ பிஸ்கட்ட மட்டும் நம்பி பாக்கெட்ட காலி பண்ணாதீங்க, சர்க்கரை போனாலும் மாவு அங்கயேதான் இருக்கு. தேனும் அப்படித்தான், இயற்கைன்னு சொன்னா சுகர் ஏறாம இருக்காது.

ஆமா, சுகர் இறங்கிட்டா சாக்லேட்ட தேடாதீங்க, அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றத தாமதமாக்கிடும். 15 கிராம் சர்க்கரைய, அதாவது மூணு நாலு டீஸ்பூன், தண்ணில கலந்து குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.

எல்லாம் எழுதுனீங்க, அந்த எக்ஸ்ட்ரா மாத்திரைய பத்தி டாக்டருக்கு தெரியுமான்னு மட்டும் எழுதலயே?