ஷூ எறிஞ்சவருக்கு ஜெயில், படை அனுப்பினவருக்கு?

கேள்வி: ஈராக் போர் ஒரு தப்புக்கணக்குன்னு இப்ப எல்லாருமே ஒத்துக்கறாங்க. அன்னிக்கு அமெரிக்க அதிபரா இருந்த புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமரா இருந்த பிளேரும் பதவிய விட்டுப் போயி பல வருஷம் ஆச்சு. இன்னமும் அவங்கள விசாரிக்கணும்னு சிலர் பேசிட்டே இருக்கறது செத்த பாம்ப அடிக்கற மாதிரி இல்லையா?

பதில்: பாம்புக்கு அப்புறம் வரேன், முதல்ல அந்த 'தப்புக்கணக்கு'. 2002 ஜூலை 23ஆம் தேதி பிளேர் ஒரு மீட்டிங் போடறாரு, வாஷிங்டன் போயிட்டு வந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அதுல என்ன சொல்றாருன்னா, அங்க போர்னு முடிவாயிடுச்சு, இப்ப அதுக்குத் தோதா தகவலப் பொருத்திட்டு இருக்காங்கன்னு. அந்த மினிட்ஸ் 2005ல பத்திரிகைல வந்துடுச்சு. மீட்டிங் முடிஞ்சு அஞ்சே நாள்ல பிளேர் புஷ்ஷுக்கு எழுதறாரு, என்ன ஆனாலும் நான் உங்ககூட இருப்பேன்னு. படை உள்ள நுழைஞ்சது 2003 மார்ச்சுல, அதுவும் போருக்குக் காரணமாச் சொன்ன பேரழிவு ஆயுதம் இருக்கான்னு ஐ.நா. ஆளுங்க தேடிட்டு இருக்கும்போதே அவங்கள வெளிய வரவச்சிட்டு. விடைய முதல்ல எழுதி வச்சிட்டு அப்புறமா வழிமுறை போட்டா அதுக்குப் பேரு தப்புக்கணக்காங்க?

சரி, யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு பாருங்க. ஈராக்குல பேரழிவு ஆயுதக் கையிருப்பே இல்லன்னு அமெரிக்கா அனுப்பின குழுவே 2004 அக்டோபர்ல சொல்லிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு டிசம்பர் 14ஆம் தேதி, அந்த உளவுத் தகவலுக்குப் பொறுப்பா இருந்த டெனட், படைய நடத்தின ஃபிராங்க்ஸ், ஈராக்க ஆண்ட பிரெமர் மூணு பேருக்கும் புஷ் கையால நாட்டோட மிகப்பெரிய சிவிலியன் விருது. சரியா நாலு வருஷம் கழிச்சு, அதே டிசம்பர் 14, பாக்தாத்ல ஒரு நிருபர் புஷ் மேல ரெண்டு ஷூவ எறிஞ்சாரு. ரெண்டுமே படல. அவருக்கு மூணு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு, அப்பீல்ல ஒரு வருஷமா குறைச்சு ஒன்பது மாசத்துல விட்டாங்க. ஈராக்குல அபு கிரைப் ஜெயில்ல கைதிகள அமெரிக்கப் படை சித்திரவதை செஞ்ச கொடுமைக்கும் ஜெயிலுக்குப் போனது கீழ்மட்ட சிப்பாய்ங்கதான், எய்தவங்க பக்கம் யாரும் திரும்பக்கூட இல்ல.

ஏன் திரும்பலன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்கு. 2002 அக்டோபர்ல அமெரிக்க செனட் இந்தப் போருக்கு 77க்கு 23ன்னு அனுமதி கொடுத்துச்சு, எதிர்க்கட்சியான டெமாக்ரட்ஸ்ல 50ல 29 பேரு ஆமான்னு ஓட்டு, ஹிலாரி, கெர்ரி, பைடன் எல்லாரும் அதுல உண்டு. 2006ல நாடாளுமன்றம் அவங்க கைக்கு வந்தப்ப, புஷ் மேல பதவிநீக்கப் பேச்சே கிடையாதுன்னு அவங்க தலைவர் பெலோசி சொல்லிட்டாங்க. 2008ல அதே கட்சி எம்.பி. குசினிச் 35 குற்றச்சாட்டோட பதவிநீக்கத் தீர்மானம் கொண்டு வந்தாரு, கமிட்டிக்கு அனுப்பிப் படுக்கப் போட்டுட்டாங்க. விசாரிச்சா, நீ எதுக்குய்யா அன்னிக்கு ஓட்டு போட்டேன்னு தங்களையும் கேப்பாங்கள்ல. (பிரிட்டன்ல ராபின் குக்னு ஒருத்தர் மந்திரி பதவியத் தூக்கிப் போட்டுட்டு வெளிய வந்தாரு. மறுநாளே பார்லிமெண்ட்ல 412க்கு 149ல போர் பாஸாயிடுச்சு.)

இன்னொண்ணும் இருக்கு, கொஞ்சம் கசக்கும். அமெரிக்க மக்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கோவம் வந்ததே போர் சொதப்பினதுக்கு அப்புறம்தான், ஆயுதம் இல்லன்னு தெரிஞ்ச அடுத்த மாசமே புஷ்ஷ மறுபடி ஜெயிக்க வச்சாங்களே. அர்ஜென்டினால ராணுவ ஆட்சி நடத்தின கால்டியேரிக்கு, பிரிட்டன்கிட்ட தோத்த ஃபாக்லாந்து போருக்காக 12 வருஷ தண்டனை கொடுத்தாங்க, அதுகூட போர சரியா நடத்தலன்னுதான், ஆரம்பிச்சதுக்கு இல்ல. ஈராக் போர விசாரிக்க பிரிட்டன் போட்ட சில்காட் கமிஷனும் ஏழு வருஷம் உக்காந்து 26 லட்சம் வார்த்தைல 12 பாகம் எழுதிச்சு, சமாதான வழியெல்லாம் தீர்றதுக்கு முன்னாடியே போனாங்க, திட்டம் போதாதுன்னெல்லாம் சொல்லிச்சு. சட்டப்படி சரியா தப்பான்னு மட்டும் தீர்ப்பு சொல்லல, அது அதோட வேலை இல்லயாம். பிளேர் மேல கேஸ் போடணும்னு கோர்ட்டுக்குப் போனவங்களுக்கு 2017ல லண்டன் ஹைகோர்ட் சொன்ன பதில், ஆக்கிரமிப்புப் போர்ங்கற குற்றமே இங்கிலாந்து சட்டத்துல கிடையாதுன்னு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்தக் குற்றத்த விசாரிக்கற அதிகாரம் வந்ததே 2018லதான், பழசுக்குச் செல்லாது. செத்த ஈராக் பொதுமக்கள், பதிவான கணக்குல மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல, அவங்க எந்த வாசலுக்குப் போவாங்க சொல்லுங்க.

இப்ப உங்க பாம்பு. சில்காட் அறிக்கை வந்த அன்னிக்கு, 2016 ஜூலை 6, பிளேர் குரல் உடைஞ்சு வருத்தம் தெரிவிச்சாரு, மன்னிப்பும் கேட்டாரு. அதே மூச்சுல, அதே நிலைமை வந்தா அதே முடிவத்தான் எடுப்பேன்னும் சொன்னாரு. 2022ல அவருக்கு சர் பட்டம் கொடுத்தாங்க. நீங்க அத செத்த பாம்புங்கறீங்க.