மக்களுக்குப் பிடிக்காத தேசியத் தலைவருக்கும் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு தேவையா?

தேவை என்றே சொல்வேன். எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் காமராஜர் கதை நன்றாகத் தெரியும். 1967-ல் விருதுநகரில் தோற்றவரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் டெல்லிக்கு அனுப்பியது. 1975 அக்டோபர் 2-ல் அவர் மறைந்தபோது, அவரை எதிர்த்து அரசியல் செய்த கருணாநிதியின் அரசே முழு மரியாதையோடு கிண்டியில் தகனம் செய்ய ஏற்பாடு செய்தது. வாங்கிய ஓட்டை எண்ணிப் பார்த்தா அந்த மரியாதையைக் கொடுத்தார்கள்?

ஜப்பானில் 2022-ல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு இறுதிச் சடங்குக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே முடிவெடுத்தது கோபத்தைக் கிளப்பியது. அதனால் யாருக்கு, எவ்வளவு செலவில் என்று விதியை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அப்புறம், தேசியக் கொடியும் குண்டு முழக்கமும் போதும். கட்டாயக் கடையடைப்பு வேண்டாம். சந்தையைப் பூட்டினால் குளச்சல் மீனவர் அன்றைக்குப் பிடித்த மீனை எங்கே கொண்டுபோய் விற்பார்?