தோண்டாமல் நிலத்துக்குள் பார்க்கும் படிப்பு: கேள்வி பதில்

பயன்பாட்டுப் புவி இயற்பியலில் முதுகலை படிக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

நான் தஞ்சாவூரில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். பாறை, கனிமம் என்று எதையும் படித்ததில்லை. இந்தத் துறையில் முதுகலை சேர முடியுமா, ஐயா?

தாராளமாகச் சேரலாம். ஈர்ப்பு, காந்தம், மின்சாரம், அலை என்று நீங்கள் படித்தவைதான் இங்கே கருவிகள். மும்பை ஐஐடி, தன்பாத் ஐஐடி போன்ற இடங்களுக்கு ஜாம் என்னும் முதுகலை நுழைவுத் தேர்வு வழியாகச் செல்லலாம். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் செல்லுபடியாகும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவியல் தெரியாதது குறைதான், ஆனால் ஈடுசெய்யக்கூடிய குறை. ஒரு பாறையையாவது கையில் எடுத்துப் பார்த்துத் தொடங்குங்கள். சென்னைக்கு வந்தால் பரங்கிமலைக்குப் போங்கள். அங்கே காலடியில் இருப்பது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. உலகெங்கும் நிலவியலாளர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன இடத்தில் போர் போட்டோம். வெறும் புழுதிதான் பறந்தது. அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு? (நாமக்கல் பகுதி விவசாயி மகன்)

உங்கள் கோபம் நியாயமானது. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் பகுதி கடினப் பாறைப் பகுதி. மேலே உள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் இருக்கும். மின்தடை முறையில் நான்கு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் அடிப்பார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளை விலக்க விலக்க ஆழத்தின் செய்தி கிடைக்கும். காய்ந்த மண்ணில் முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்சாரம் சரியாக இறங்காது. வரும் எண்ணையும் நம்ப முடியாது.

எண் சரியாகவே வந்தாலும் அதற்குப் பொருள் ஒன்று மட்டும் அல்ல. மின்தடைத்திறன் மிகக் குறைந்த மெல்லிய அடுக்கும், ஓரளவு குறைந்த தடித்த அடுக்கும் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரும். களிமண்ணும் உவர்நீரும் மின்தடையில் ஒன்றுபோலவே தோன்றும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு சாண் அகலமுள்ள வெடிப்பு இந்த அளவீட்டில் தனியாகத் தெரியவே தெரியாது. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் வெடிப்புக் கோடுகள் எங்கே ஓடுகின்றன, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எந்த ஆழத்தில் நீர் வந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே இடத்தில் கருவியை வைத்து, அரை மணி நேரத்தில் விரலை நீட்டிவிட்டுப் போகிறவர் எண்ணை மட்டும்தான் படிக்கிறார். அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத் தெரிவதற்குத்தான் இந்தப் படிப்பு.

நல்ல துறையை எப்படி அடையாளம் காண்பது?

தரவரிசைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். மின்தடைக் கருவியும் நிலஅதிர்வுக் கருவியும் துறைக்குச் சொந்தமாக இருக்கின்றனவா, மாணவர் கைக்கு அவை வருகின்றனவா என்று கேளுங்கள். தரையில் வைத்த உலோகத் தட்டைச் சம்மட்டியால் அடித்து, ஜியோஃபோன் என்னும் உணரிகளில் அதிர்வைப் பதிவு செய்து பார்த்தவருக்கு இரைச்சல் என்றால் என்னவென்று தெரியும். பக்கத்தில் ஒருவர் நடந்தாலே பதிவு கெடும். பலமுறை அடித்துப் பதிவுகளைக் கூட்டும்போதுதான் அலை மெல்லத் தலைகாட்டும். பிறர் திரட்டிய தரவை மென்பொருளில் ஓட்டி மட்டுமே பட்டம் தரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

வேலை?

மத்திய அரசுத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு முக்கியமான வழி. 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அதன் வழியாகத்தான் புவி இயற்பியலாளர்களை எடுக்கிறார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எண்ணெய் நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கேட் என்னும் பொறியியல், அறிவியல் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுத்திருக்கின்றன. கேட் தேர்வின் நிலவியல்-புவி இயற்பியல் தாளில் பொதுப் பகுதி போக, நிலவியல், புவி இயற்பியல் இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆய்வுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

வெளிநாட்டில் படிக்க ஆசை. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்கிறார்களே?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அப்படித்தான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. புவி இயற்பியலுக்குப் பெயர்பெற்ற கார்ல்ஸ்ரூ அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், சுவிட்சர்லாந்தின் சூரிச், ஜெர்மனியின் ஆகன் ஆகிய மூன்று இடங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு முதுகலையும் உண்டு. பருவத்துக்கு ஒரு நாடாகப் படித்து, நான்காம் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். மூன்று ஊர்களில் வாழும் செலவை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு ஏற்ற துறைதானா என்று வீட்டில் தயங்குகிறார்கள், ஐயா.

1983-ல் இந்தியக் குழுவோடு அண்டார்டிகா சென்ற சுதீப்தா சென்குப்தா ஒரு நிலவியலாளர். இதை வீட்டில் சொல்லுங்கள். தங்குமிடம், கழிப்பறை, துணை பற்றிய கேள்விகளும் சரியானவையே. களப்பணிக்குக் கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஏற்பாடு செய்வது அவர் கடமை.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கிணற்று நீர் உவராகிக்கொண்டு வருகிறது. இதை முதுகலை ஆய்வுக்கு எடுக்கலாமா?

கட்டாயம் எடுங்கள், அருமையான தலைப்பு. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது உங்களுக்கே தெரியும். நன்னீர் ஊறிய சுண்ணாம்புக் கல்லுக்கும் உப்புநீர் ஊறியதற்கும் மின்தடையில் பெரிய வேறுபாடு இருப்பதால் எல்லை தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஒரே கோட்டில் மாரி மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்த எல்லை எப்படி நகர்கிறது என்று காட்டலாம். அதே நாட்களில் பக்கத்துக் கிணறுகளின் உப்புத்தன்மையையும் அளந்து வையுங்கள். மின்தடைப் படத்தைச் சரிபார்க்க அது வேண்டும். கிணற்று அளவீட்டை இந்த மாதமே தொடங்கிவிட்டு, அந்தக் குறிப்பேட்டோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் போய்ப் பேசுங்கள்.